வீடு மாறும் இணையத்தளம்

கணனி நுழையாத துறை இன்று இல்லை எனலாம். தமிழ் கற்பித்தலும் இதற்கு விலக்கன்று. எமது பள்ளியின் மாணவர் பதிவு, தேர்வு நாட்கள், வீட்டுவேலை, விழாப் படங்கள், பேச்சுப் போட்டிகளின் ஒலிப்பதிவுகள், முன்னைய ஆண்டு மலர்கள் ஆகிய யாவும் இப்போது பள்ளியின் இணையத்தளத்திலேயே குடிகொண்டுள்ளன. அத்தளம் சென்ற கோடை விடுமுறையில் ஒரு கணனியிலிருந்து வேறொரு கணனிக்கு இடம்பெயர்ந்தது. பெற்றோரிற் பெரும்பாலோர் இதனை அறிந்திருக்க மாட்டார்கள். யாரும் அறியாவண்ணம் நடப்பதே இப்பணியின் இலக்கணமாகும்.

எனினும் அதனை இம்மலரில் எழுதி வைப்பது தேவையென நாம் கருதினோம். இன்னும் சில ஆண்டுகளில் இப்பணி மீண்டும் வரும். அப்போது அதனைச் செய்யப்போகிறவர் இன்று எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவராகவும் இருக்கலாம்.

இணையத்தளம் வானத்தில் மிதக்கும் பொருளன்று. ஆங்கிலத்தில் சேர்வர் எனவும் தமிழில் வழங்கி எனவும் கூறப்படும் ஒரு கணனியின் வட்டில் எழுதப்பட்ட கோப்புகளே அது. தரவு மையம் என்னும் கட்டடத்தினுள், இரவும் பகலும் அணைக்கப்படாமல் அக்கணனி இயங்குகின்றது. எம்மைப் போன்ற சிறு பள்ளிகள் அக்கணனி முழுவதையும் வாடகைக்கு எடுப்பதில்லை. தொடர்மாடிக் கட்டடத்தில் ஓர் அறை எடுப்பதுபோல, பல தளங்களுடன் சேர்ந்து ஒரே வழங்கியில் குடியிருக்கிறோம்.

அவ்வாறாயின் ஏன் இடம்பெயர வேண்டும்? சில வேளை வாடகை உயர்கின்றது. சில வேளை இடம் போதாமற் போகின்றது. இவற்றிலும் வலிய காரணம் மென்பொருளின் முதுமையே. பல தளங்களை இயக்கிவந்த பிஎச்பி 7.4 என்னும் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பருடன் நின்றன. மைஎஸ்கியூஎல் 5.7 என்னும் தரவுத்தள மென்பொருள் 2023 ஒக்டோபரில் முடிவுக்கு வந்தது. எண்ணிறந்த வழங்கிகளில் இயங்கிய சென்ட்ஓஎஸ் 7 என்னும் இயங்குதளம் 2024 ஜூன் 30ஆம் நாளுடன் ஓய்வு பெற்றது. திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளிற் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த நாளையும் வைத்திருப்பது பூட்டுப் பழுதான அலுமாரியில் நகை வைப்பதற்கு ஒப்பாகும்.

இடமாற்றம் என்றதும், தளம் எத்தனை மணி நேரம் மூடியிருக்கும் என்றே எல்லோரும் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும் சில நிமிட மூடலால் எவருக்கும் பெருங்கேடு வருவதில்லை. திறந்தபின் உள்ளே என்ன குறைந்திருக்கின்றது என்பதே நாம் அஞ்சவேண்டியது. மைஸ்பேஸ் என்னும் அமெரிக்கத் தளத்தில் உலகெங்குமுள்ள இளங்கலைஞர்கள் தம் பாடல்களை ஏற்றி வைத்திருந்தனர். வழங்கி இடமாற்றத்தின்போது, 2015ஆம் ஆண்டுக்கு முன்னர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த ஒலிப்பதிவுகள் அழிந்துபோயின என்பது 2019 மார்ச்சில் உலகறியலாயிற்று. இழப்பு ஐந்து கோடிப் பாடல்கள் வரை என மதிப்பிடப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 4 இலட்சத்து 90 ஆயிரம் பாடல்கள் மட்டும் பின்னர் மீண்டன. முன்னொரு காலத்தில் ஆய்வுக்கென யாரோ சிலர் தனியே பிரதி எடுத்து வைத்திருந்தமையே அதற்குக் காரணம். எமது தளத்திலும் இன்று பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் ஐந்து வயதிற் பேசிய மழலைப் பேச்சுகள் உள. அவற்றுள் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. ஆகவே இடமாற்றத்தின் முதற்படி, பழைய வழங்கியிலும் புதிய வழங்கியிலும் சேராத மூன்றாவது ஓரிடத்தில், வீட்டு அலுமாரியில் வைக்கும் ஒரு வட்டிலேனும், முழுப் பிரதி எடுத்து வைப்பதாகும். எடுத்த பிரதியைத் திறந்து, இரண்டொரு ஒலிப்பதிவுகளைக் கேட்டும் பார்க்கவேண்டும். திறந்து பாராத பிரதியை நாம் பிரதியென ஏற்பதில்லை.

இனி, இம்மாற்றத்தின் நுட்பம் முழுவதும் தங்கியுள்ள முகவரி பற்றிக் கூறுவோம்.

நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சுச் செய்கிறோம். கணனிகளோ பெயரால் ஒன்றையொன்று அறிவதில்லை. ஐபி எனப்படும் இலக்கத்தாலேயே அறிகின்றன. தொடக்கத்தில் வலையமைப்பிலிருந்த கணனிகளின் பெயரும் இலக்கமும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் அக்கோப்பு பேணப்பட்டது. மற்றையோர் அதனைப் பிரதி செய்து வைத்துக்கொண்டனர். கணனிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டு போல் மொக்கபெட்ரிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். உலகத்துப் பெயர்களையெல்லாம் ஓரிடத்திற் குவியாமல், ஒவ்வொரு பெயருக்கும் உரியவரே தம் இலக்கத்தைச் சொல்லும் முறை அது. இன்றும் நாம் அதனையே பயன்படுத்துகிறோம்.

ஒவ்வொரு முறையும் இலக்கத்தைக் கேட்டுப் பெறுவது காலத்தை வீணாக்கும். ஆதலால் வழியிலுள்ள கணனிகள், ஒருமுறை பெற்ற விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதையும் விடையுடன் சேர்த்தே நாம் சொல்லியனுப்புகிறோம். இதனை விடையின் ஆயுட்காலம் என்க. அது விநாடிகளிற் குறிக்கப்படும். பல தளங்களில் 86,400 என்றிருக்கும். அஃதாவது ஒரு நாள். மாமா ஒருவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றினால், பழைய இலக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் அதனையே அழைத்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா? அதுவே இங்கும் நிகழும். இலக்கத்தை மாற்றிய பின்னரும் ஒரு நாள்வரை உலகின் ஒரு பகுதியினர் பழைய வீட்டுக் கதவையே தட்டுவர்.

இதற்குரிய உபாயம் மிக எளியது. மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஆயுட்காலத்தை 300 விநாடிகளாக, அஃதாவது ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். இலக்கத்தை அப்போது மாற்றுவதில்லை. மாற்ற வேண்டிய அன்று காலையிற் குறைத்தாற் பயனில்லை. ஏனெனில் முந்திய நாள் மாலை விடை பெற்றவர், அன்று சொல்லப்பட்ட 86,400 விநாடிகளையே எண்ணிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு நாள் முன்னேற்பாட்டைச் செய்யாமையே பல தளங்கள் ஒரு நாள் முழுவதும் தடுமாறுவதற்குக் காரணம். செலவு ஏதுமில்லை, நாட்காட்டியைப் பார்த்தாற் போதும்.

சில தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணனிகள் நாம் சொல்லும் ஐந்து நிமிடத்தை மதிப்பதில்லை என்பதையும் கூறவேண்டும். ஆகவே பழைய வழங்கியை உடனே கைவிடலாகாது. பெயரைப் பேணும் நிறுவனத்தையும் வழங்கியையும் ஒரே நாளில் மாற்றுவதும் தவிர்க்கத் தக்கது. டொட் கொம் என முடியும் பெயர்களைப் பொறுத்தவரை, எந்த நிறுவனத்திடம் கேட்கவேண்டும் என்னும் குறிப்பின் ஆயுட்காலம் 1,72,800 விநாடிகள், அஃதாவது இரண்டு நாட்கள். அதனைக் குறைக்கும் அதிகாரம் எமக்கில்லை.

கோப்புகளைப் பிரதி செய்யும் வேலைக்கு ஆர்சிங்க் என்னும் மென்பொருள் பெருந்துணை. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், போல் மக்கெராஸ் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர். இதன் கருத்தை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு நாடகப் பிரதி இரண்டு மாணவரிடம் உள்ளது. இருவரும் வெவ்வேறு ஊரில் இருக்கின்றனர். இரண்டு பிரதிகளும் ஒன்றா என்று தொலைபேசியில் அறியவேண்டும். முழு நாடகத்தையும் வாசித்துக் காட்டலாம், இரவு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்தின் எழுத்துகளையும் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, வரும் எண்ணை மட்டும் சொல்லலாம். எண்கள் ஒத்தால் அப்பக்கம் ஒன்றே எனக் கொள்ளலாம். ஒவ்வாத பக்கத்தை மட்டும் வாசித்தாற் போதும். ஆர்சிங்க் செய்வது ஏறத்தாழ இதுவே. ஆகையால் தளம் திறந்திருக்கும்போதே முதற் பிரதியை ஆறுதலாக எடுக்கலாம். பல மணி நேரம் ஆனாலும் கவலையில்லை. மாற்றும் நாளன்று அதே கட்டளையை மீண்டும் இட்டால், இடையில் மாறியவை மட்டும் சில நிமிடங்களிற் சென்று சேரும்.

தரவுத்தளம் அவ்வளவு இலகுவானதன்று. படங்களும் மலர்களும் ஒருமுறை வைத்தபின் அசையாமல் இருப்பவை. பதிவுப் படிவங்களோ எந்நேரமும் நிரப்பப்படுபவை. பள்ளி வாயிலில் இரண்டு மேசைகள் போட்டு, இரண்டிலும் தனித்தனிப் பதிவேடு வைத்ததாகக் கொள்வோம். ஒன்றிற் பதிந்த பிள்ளையின் பெயர் மற்றதில் இராது. இடமாற்றத்தின்போது பழைய வழங்கி, புதிய வழங்கி இரண்டும் ஒருசேரப் பதிவுகளை ஏற்றுக்கொண்டால் இதுவே நேரும். தாய் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பிள்ளையைத் தேர்வுக்குப் பதிகின்றார். திரையில் நன்றியறிவிப்பும் வருகின்றது. அவருடைய கணனி பழைய இலக்கத்தை நினைவில் வைத்திருந்தமையால் அப்பதிவு பழைய வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. தேர்வு நாளன்று பட்டியலிற் பிள்ளையின் பெயர் இல்லை. தளம் ஒரு நிமிடமேனும் மூடப்படவில்லை என்று நாம் பெருமை பேசிப் பயனென்ன?

இதனாலேயே ஒரு சிறு பொழுதேனும் பழைய தளத்தை வாசிக்க மட்டும் இடமளித்து, எழுதுவதைத் தடுத்து வைக்கிறோம். அப்பொழுதில் தரவுத்தளத்தின் இறுதிப் பிரதி எடுக்கப்பட்டுப் புதிய வழங்கியில் இறக்கப்படும். பின்னர் ஆள்களப் பெயரின் இலக்கம் மாற்றப்படும். பழைய வாயிலுக்கு இன்னும் வருவோரைப் புதிய வழங்கிக்குத் தானாகவே அனுப்பும்படி பழைய வழங்கியில் ஓர் ஏற்பாடும் செய்யலாம். அவ்வாறு செய்தால் பதிவேடு எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

பெருந்தளங்களும் இவ்வாறே செய்கின்றன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் தன் முதன்மைத் தரவு மையத்தை 2013 சனவரியில் புளோரிடா மாநிலத்தின் தம்பாவிலிருந்து வேர்ஜினியாவின் ஆஷ்பேர்ணுக்கு மாற்றியது. 2016 ஏப்ரல் முதல், ஆஷ்பேர்ணிலிருந்து டெக்சாஸ் மாநிலத்திலுள்ள மற்றொரு மையத்துக்கும், பின்னர் மறுபடியுமாக, ஒத்திகைபோல மாறி மாறிப் பழகிவருகின்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சிறிது நேரம் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களையும் வாசிக்கலாம், திருத்த இயலாது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர்கள் அந்த அறிவித்தலைக் கண்டிருப்பார்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்றே உரிய ஓர் இடர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆகவே இங்கு சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யுனிகோட் முறையிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். இன்று பரவலாக வழங்கும் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் கொள்ளும். ஆக மொத்தம் 15 பைட். பழைய தரவுத்தளம் இந்தப் பதினைந்தையும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் என்று தவறாக எண்ணிக்கொண்டே பல ஆண்டுகள் சேமித்து வைத்திருத்தல் கூடும். வாங்கியவாறே திருப்பிக் கொடுத்தமையால் எவருக்கும் பிழை தென்பட்டிராது. புதிய வழங்கிக்கு மாறும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒரு சொல்லுக்குப் பதிலாக, கொம்பும் கோடும் இட்ட அந்நிய எழுத்துகள் பல தோன்றும். அது திருத்தத்தக்கது, பைட்டுகள் கெடவில்லை. ஆனால் 'தமிழ்' இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் தோன்றி, அவையே சேமிக்கவும் பட்டுவிட்டால், எழுத்து போனது போனதே. பழைய பிரதியிலிருந்து மீண்டும் எடுத்தாலன்றி வழியில்லை. தரவுத்தளத்தை இறக்கியவுடன் முகப்புப் பக்கம் திறக்கின்றதா என்று மட்டும் பாராது, பழைய கட்டுரை ஒன்றையும் மாணவர் பெயர்ப் பட்டியலையும் திறந்து எழுத்தெழுத்தாகப் பார்க்கவேண்டும் என்பது இதனாலேயே.

1990களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் திஸ்கி முறையில் எழுதப்பட்ட பக்கங்கள் சில பள்ளிகளிடம் இன்றும் உள. புதிய வழங்கி, தன்னிடமுள்ள பக்கங்கள் யாவும் யுடிஎப்-8 என்றே உலகுக்கு அறிவித்தால், பக்கத்தின் உள்ளே வேறு முறை குறிக்கப்பட்டிருந்தாலும் வழங்கியின் சொல்லே செல்லும். அப்பக்கங்கள் வாசிக்க இயலாதனவாகிவிடும். அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றுவது நல்ல பணி. ஆயினும் அதனை இடமாற்ற நாளிற் செய்யாது வேறொரு நாளுக்கு ஒதுக்குக. இரண்டையும் கலந்தால் எப்பிழை எதனால் வந்தது என்று கண்டறிய முடியாது.

கோப்புகளுக்குத் தமிழிற் பெயரிடுவோரும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 'பொங்கல்' என்பதிலுள்ள 'பொ' என்னும் எழுத்தை யுனிகோட்டில் இருவகையாக எழுதலாம்: பகரத்துடன் ஒரே ஒகரக் குறி, அல்லது பகரத்துடன் எகரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பழைய மக்கின்டொஷ் கணனிகள் கோப்பின் பெயரை இரண்டாவது வகையாகப் பிரித்தே வைத்துக்கொண்டன. ஆகவே பக்கத்திலுள்ள இணைப்பு ஒருவகையாகவும் கோப்பின் பெயர் மற்றொருவகையாகவும் இருக்க, படம் இருந்தும் திறவாது. மேலும் லினக்ஸ் வழங்கிகளிற் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற் செல்லலாகாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழிலோ 85 குறிகள் மட்டுமே. விழாவின் பெயர், இடம், நாள், முதன்மை விருந்தினர் பெயர் யாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் வழக்கமுடையோர் இதனை மனங்கொள்க.

எல்லாம் சரியா என்று, உலகுக்கு அறிவிக்குமுன் எவ்வாறு பார்ப்பது? ஒவ்வொருவர் கணனியிலும் ஹோஸ்ட்ஸ் என்னும் சிறு கோப்பு ஒன்றுள்ளது. மேலே கூறிய 1983க்கு முற்பட்ட பெயர்ப் பட்டியலின் எச்சமே அது. அதிற் பள்ளித் தளத்தின் பெயரையும் புதிய இலக்கத்தையும் எழுதினால், அக்கணனி மட்டும் புதிய வழங்கிக்குச் செல்லும். மற்றையோர் பழையதிலேயே இருப்பர். நான்கைந்து பெற்றோர் இவ்வாறு செய்து, ஒருவர் பதிவுப் படிவத்தையும், ஒருவர் ஒலிப்பதிவுகளையும், ஒருவர் பழைய மலர்களையும் ஒரு வாரம் சோதிக்கலாம். சோதனை முடிந்ததும் எழுதிய வரியை அழித்துவிட மறத்தலாகாது.

சோதனையின் அருமைக்குப் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி ஒரு சான்று. 2018 ஏப்ரல் மாதத்து வார இறுதி ஒன்றில், அவ்வங்கி சுமார் 50 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய கணனி முறைமைக்கு மாற்றியது. தரவுகள் ஒழுங்காகவே சென்று சேர்ந்தன. ஆனால் புதிய முறைமை மக்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. நிலைமை முற்றாகச் சீரடைய அவ்வாண்டு டிசெம்பர் ஆயிற்று. 2022 டிசெம்பரில் மேற்பார்வை அமைப்புகள் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தன. பிரதி செய்தல் வேறு, பிரதி செய்தது இயங்குமா என்று பார்த்தல் வேறு என்பதை இதனிலும் தெளிவாகக் கூறுதல் அரிது.

மின்னஞ்சலும் பூட்டுச் சின்னம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழும் தனியே கவனிக்கப்பட வேண்டியவை. மின்னஞ்சற் பெட்டிகள் பழைய வழங்கியிலேயே இருப்பின் அவற்றின் முகவரிக் குறிப்பைத் தொடாது விடுக. சான்றிதழைப் பழைய வழங்கியிலிருந்து முன்னரே எடுத்துப் புதியதில் வைத்துவிட்டால், மாறும் கணத்தில் வருகையாளருக்கு எச்சரிக்கை தோன்றாது.

நேரத்தைத் தெரிவதிலும் எம்மவர்க்கு ஒரு சிறப்பு உண்டு. உள்ளூர் நிறுவனங்கள் நள்ளிரவைத் தெரிந்துகொள்ளும். எமது தளத்தை இங்குள்ள பெற்றோர் மட்டுமன்றி ஊரிலுள்ள பாட்டன் பாட்டியரும் பார்க்கின்றனர். குளிர்காலத்தில் இலண்டனில் அதிகாலை 3 மணியெனில் யாழ்ப்பாணத்திற் காலை 8.30. பேரப்பிள்ளையின் நடனப் படத்தைத் தேநீருடன் பார்க்கும் வேளை அது. எனினும் வாசிப்பதற்குத் தடையில்லை, எழுதுவதற்கே தடை என்பதால், பதிவுகள் நிகழாத அந்நேரமே பொருத்தமாகும். வெள்ளி இரவும் சனி காலையும் எக்காரணம் கொண்டும் ஆகா.

மாற்றம் முடிந்தபின் பழைய வழங்கியின் வாடகையை ஒரு மாதமேனும் தொடர்ந்து செலுத்துதல் நன்று. வருகைப் பதிவில் ஆளரவம் அடங்கியபின், ஆயுட்காலத்தை மீண்டும் பழையபடி உயர்த்தலாம். பின்னர் பழைய வழங்கியிலுள்ள பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை முற்றாக அழித்துவிட்டே ஒப்பந்தத்தை முடிக்கவேண்டும். வாடகை நிறுத்தினால் தானே அழியும் என்றிருத்தல் தகாது. ஆள்களப் பெயர் எவர் பெயரிற் பதியப்பட்டுள்ளது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்க. பல பள்ளிகளில் அது, முன்பொருகால் தொண்டாற்றிப் பின்னர் வேறு நாடு சென்றுவிட்ட ஒருவரின் சொந்தப் பெயரிலும் அவருடைய பழைய மின்னஞ்சலிலும் கிடக்கின்றது. அதனைப் பள்ளியின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லை மூடிய உறையிலிட்டு, செயலாளரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்து வைத்துள்ளோம்.